மேட்டுத் தெரு வால்வின் வெற்றுச் சுற்றுகள்

சாவிக்காரர் என்றால் எங்கள் நீரேற்று நிலையத்தில் அவர் ஒருவர்தான். இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க் குடிநீர் வால்வைத் திறந்து மூடுவது இருபத்தாறு வருட வேலை. சுற்றுகளை முணுமுணுத்து எண்ணியபடியே திருகுவார். நடுவில் இடியே விழுந்தாலும் திரும்பமாட்டார். நான் மோட்டார் ஓட்டுகிறவன். அந்த மனுஷனைத் திட்டாமல் அவரைப் பற்றிப் பேச எனக்கு வராது.

ஏரி வற்றத் தொடங்கியதும் இன்ஜினியர் உத்தரவு போட்டார்: எந்தத் தெருவானாலும் ஏழு சுற்று, அரை மணி நேரம். மேட்டுத் தெரு வால்வு மட்டும் மரை தேய்ந்த கிழடு. முதல் மூன்று சுற்று சும்மா சுழலும். நாலாவதில்தான் உள்ளே கதவு தூக்கித் தண்ணீர் விடும். அது சாவிக்காரருக்கும் எனக்கும்தான் தெரியும். அங்கே அவர் மூன்றைத் தள்ளிவிட்டுத்தான் எண்ணத் தொடங்குவார்.

அவருடைய அக்கா வீடும் அந்தத் தெருவில்தான். அக்கா வீட்டுக்காரர் படுத்த படுக்கை. கீழ்த் தெரு ஆள் ஒருவன் பத்து சுற்றையும் எண்ணிவிட்டு, அக்காவுக்குத் தனிக் கவனிப்பு என்று புகார் கொடுத்தான். மரை விஷயத்தை எழுதிக் கொடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். சாக்குச் சொல்வதாக நினைப்பார்களாம், அப்படி ஒரு ரோஷம்! மறுநாள் முதல் ஊர் கேட்கச் சத்தமாக எண்ணி ஏழோடு நிறுத்தினார். மிச்ச நாலு சுற்றுத் தண்ணீர் மேடு ஏறவில்லை; மேட்டுத் தெருக் குழாய்களில் காற்றுதான் வந்தது. நானாவது ஆபீஸில் சொல்லியிருக்கலாம். எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

ஒன்பதாம் நாள் அக்கா இரண்டு காலிக் குடங்களோடு நிலையத்துக்கே வந்தார். துணி அலசத் தண்ணீரில்லாமல் வீட்டுக்காரர் முதுகில் புண் வைத்துவிட்டதாம். பொறுக்கமாட்டாமல் மூன்று சுற்று விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அக்கா தம்பியையே பார்த்தார்.

"உன்னை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னு நாப்பது வீட்டைக் காய விட்டுட்டியாடா?"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போய், கூடியிருந்தவர்கள் முன்னாலேயே பத்து வரை எண்ணித் திருகினார். அன்று மாலையே சாவியைப் பிடுங்கி, அவரை நிலையத்தில் கேட் காக்க உட்காரவைத்தார்கள்.

புது ஆள் உத்தரவுப்படி ஏழுதான் திருகுகிறான். மரை பற்றி நான் இப்போது எழுதிக் கொடுத்த கடிதம் இன்ஜினியர் மேஜையில் கிடக்கிறது. தினமும் காலையில் நிலையத்துக் குழாயில் இரண்டு குடம் பிடித்து, அந்த மேட்டில் மூச்சிரைக்க ஏறுகிறார் சாவிக்காரர். மற்ற முப்பத்தொன்பது வீட்டாரும் வாசலில் நின்று பார்க்கிறார்கள். அக்காவுக்குத் தனிக் கவனிப்பு இப்போதுதான் நடக்கிறது.