ஊசி நிற்காத வீடு

எதிர்வீட்டு லாம் அண்ணியைப் பற்றி எங்கள் மாடியில் யாரைக் கேட்டாலும் முதலில் தகர டப்பாவைத்தான் சொல்வார்கள். நிலாப் பண்டிகைக்கு வருகிற பணியாரத்தைத் தின்று முடித்ததும் டப்பாவைக் குப்பையில் போடுவது ஊர் வழக்கம். அண்ணி போடமாட்டார். அடுத்தவர் போட்டதையும் எடுத்துவந்து, கழுவித் துடைத்து, "எவ்வளவு கெட்டி பாரு, மூடியில பியோனிப் பூ வேற" என்று அடுக்கிவைப்பார். டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பை. அந்தப் பைக்குள் இன்னும் பை. வேறொரு டப்பாவில் ரப்பர் வளையம், சோயா சாஸ் பொட்டலம், ஒற்றைச் சாவிகள். எந்தப் பூட்டுக்கு என்று கேட்டால், "பூட்டு கிடைக்காமலா போயிடும்?" என்பார். நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. முகத்துக்கு நேராகவே சிரிப்பேன்.

சொந்தப் பெயர் ஙான் சோய்-வான். லாம் என்கிறவரைக் கட்டிக்கொண்டதால் ஊருக்கு லாம் அண்ணி. பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டி அனுப்புகிற சமையல்கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவர் வைக்கிற இஞ்சி போட்ட மீன் சூப்புக்கு இந்தக் கட்டடத்தில் ஈடு கிடையாது. சின்ன வயதில் மலைச்சரிவுக் குடிசையில் இருந்தார்கள். ஒரு குளிர்காலம் குடிசைகள் மொத்தமும் தீப்பிடித்து எரிந்தபோது ஒற்றைச் செருப்போடு தப்பி வந்தவர். அதற்குப் பிறகு கைக்கு வந்த எதையும் விடுவதில்லை. இதை மாஜோங் ஆடும்போது ஒருநாள் சொன்னார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டார், பாவி.

சிரித்த நாங்கள் சிரிப்பை நிறுத்தியது அவர் வீட்டுக்காரர் விழுந்த அன்று. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அதை உள்ளே கொண்டுபோக வழியில்லை. ஒரு பக்கம் டப்பா, மறுபக்கம் மடக்குக் குடை, பழைய மின்விசிறி, கட்டிவைத்த செய்தித்தாள். கடைசியில் மனிதரை நாற்காலியில் உட்காரவைத்து, தலை ஆட ஆட வெளியே தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் உயிர் போனது. முன்னாடியே கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். மகன் ஹோய்-திங் காதில் அது ஏறவில்லை.

சாவுச் சடங்கு முடிந்து, எல்லாரும் சாவின் கசப்புப் போகக் கொடுக்கிற இனிப்பு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் அவன் அம்மாவைப் பார்த்துச் சொன்னான்: "அப்பாவைப் படுக்கவச்சுத் தூக்கிட்டுப் போகக்கூட இந்த வீட்டுல இடமில்ல. இனிமே நான் எதுக்கு வரணும்?" அதோடு சரி. தீவுக்கு அந்தப் பக்கம் ஒரு பொந்து அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தூரத்துக் குவாங்ஸி மாகாணத்திலிருந்து வந்த மெங்-ஃபோங் என்கிற பெண்ணையும் கட்டிக்கொண்டான். புத்தாண்டுக்கு அம்மாவை ஹோட்டலுக்குக் கூப்பிட்டு டிம்சம் வாங்கிக் கொடுப்பான். வாசல்படி மட்டும் மிதிக்கமாட்டான்.

அண்ணிக்கு அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. மூச்சு அடைக்கிறது என்பார். தலை சுற்றுகிறது என்பார். டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். "வீட்டோட காத்து கெட்டுப்போச்சுடி யிங். வாசல்ல ஏதோ நின்னு பையனைத் தடுக்குது" என்று ஃபெங் சுய் பார்க்கிற சிஃபூக்களைத் தேடிப் போனார். காற்றையும் நீரையும் பார்த்துச் சொல்லுங்கள் என்றால் அந்த மனிதர்கள் கடையைப் பார்த்துச் சொன்னார்கள். ஒருவர் காசு கவ்விய மூன்றுகால் தவளை வைக்கச் சொன்னார். இன்னொருவர் அந்தத் தவளை தப்பான தவளை என்று வேறொன்று கொடுத்தார். மூன்றாமவர் பித்தளைச் சுரைக்காய், படிகக் கல், சுற்றிச் சுற்றித் தண்ணீர் கொட்டுகிற பொம்மை நீரூற்று. நீரூற்றை வைக்க இடமில்லாமல் டப்பாக்களின் மேல் வைத்தார். அது ஒழுகி, பை எல்லாம் நனைந்து, நாற்றம் என் வீடு வரை வந்தது.

"அண்ணி, உங்களுக்குப் புத்தி இருக்கா இல்லையா? அடைசல் தீரணும்னு இன்னும் அடைசலையா வாங்குவாங்க?"

"உனக்கென்ன தெரியும்? டோஃபு விக்கிறவதானே நீ."

"ஆமா, டோஃபுதான் விக்கிறேன். அன்னன்னைக்கு வித்து அன்னன்னைக்கே தட்டைக் கழுவிடறேன்ல!"

மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அவரே மீன் சூப் கொண்டுவந்தார்.

போன வருஷக் கடைசி மாதம் மருமகளிடமிருந்து போன் வந்தது. மெங்-ஃபோங் ரகசியமாகப் பேசியிருக்கிறாள். அண்ணி ஸ்பீக்கரைப் போட்டு எனக்கும் கேட்கவைத்தார்.

"அத்தை, நான் முழுகாம இருக்கேன். அஞ்சு மாசம். அவரை எப்படியோ சரிக்கட்டிட்டேன். வருஷக் கடைசி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வர்றோம். ஆனா அவர் ஒண்ணு சொன்னாரு அத்தை. மேசையைப் போட்டு எல்லாரும் சுத்தி உக்கார இடம் இருந்தா உள்ள வருவேன், இல்லேன்னா வாசல்லயே திரும்பிடுவேன்னாரு. நான் எங்கம்மாவை விட்டு அவ்ளோ தூரத்துல இருக்கேன். பிள்ளை பெத்தா உங்ககூடத்தான் ஒரு மாசம் இருக்கணும்னு ஆசை. பாத்துக்கங்க."

போனை வைத்ததும் அண்ணி அழுதார், சிரித்தார், வீட்டுக்காரர் பெயர் எழுதிக் கும்பிட வைத்திருந்த பலகை முன் ஊதுபத்தி ஏற்றினார். இனி டப்பாவில் கை வைப்பார் என்று நினைத்தேன். எங்கே! "நல்ல சிஃபூ ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து வாசலைச் சரிபண்ணிடணும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரும்புக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு என் வீட்டுக்குள் போனேன்.

கடைசி மாதம் இருபத்தெட்டாம் தேதி அழுக்கைக் கழுவு என்பது எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதை விட்டால் கழுவ நாள் கிடையாது. புத்தாண்டு பிறந்துவிட்டால் துடைப்பத்தைத் தொடக்கூடாது, வந்த அதிர்ஷ்டம் குப்பையோடு போய்விடும். மாடி முழுக்க வாளியும் துணியுமாகத் திரிந்த அந்த நாளில்தான் மோக் சிஃபூ வந்தார். பகலில் டாக்ஸி ஓட்டுகிறவர், ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை. உள்ளே காலை வைத்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது. தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் வேடிக்கை பார்க்க வாசலில் நின்றேன்.

பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். சிவப்புச் சதுரப் பலகை, நடுவில் வட்டத் தட்டு, அதன் நடுவே மெல்லிய ஊசி. இரண்டு கையிலும் வயிற்றருகே பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி அடுப்படிப் பக்கம் திரும்பியது. ஓரடி நகர்ந்தார். ஜன்னல் பக்கம் திரும்பியது. இன்னும் ஓரடி. வாசலில் நின்ற என்னையே காட்டிற்று. அங்கேயும் நிற்காமல் இப்படியும் அப்படியும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அண்ணியின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. ஊசி நிலைகொள்ளாத வீட்டில் போய்ச்சேராத ஆத்மா ஒன்று இருக்கிறது என்பது இங்கே எல்லாரும் கேட்டு வளர்ந்த பேச்சு. நானும் ஓரடி பின்னால் நகர்ந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"அவருதான்" என்றார் அண்ணி. "அவரேதான். நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போகும்படி பண்ணிட்டேன்ல. அந்தக் கோபம் இன்னும் தீரல. சிஃபூ, என் பையனைத் தடுக்கிறதே அவங்கப்பாதான்!" கீழே உட்கார இடமில்லாமல் நின்றபடியே தேம்பினார்.

மோக் சிஃபூ மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அழாதீங்கம்மா. ஊசி ஆடினா ஆவியும் இருக்கலாம், இரும்பும் இருக்கலாம். கட்டடத்துக் கம்பி கொஞ்சம் இழுக்கும், இந்த அளவுக்கு இழுக்காது. முதல்ல இரும்பை வெளிய எடுங்க. அப்புறமும் ஆடினா ஆவியைப் பாப்போம்."

"எந்த இரும்பு?"

அவர் மோவாயால் டப்பாக் கோபுரத்தைக் காட்டினார்.

இத்தனை வருஷம் மகன் கெஞ்சியும், நான் திட்டியும், வீட்டுவசதி ஆட்கள் வந்து எச்சரித்தும் அசையாத கை அன்று அசைந்தது. அண்ணி முதல் டப்பாவை எடுத்து என் நெஞ்சில் திணித்தார். "வெளிய வை!" நான் நடைபாதையில் வைத்தேன். அடுத்தது. அதற்கடுத்தது. பக்கத்து வீட்டுக் குவோக் அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். துருப்பிடித்த மின்விசிறிகள் போயின. குடைக் கம்பிகள் போயின. ஒவ்வொரு நடைக்கும் அண்ணி திரும்பி வந்து ஊசியைப் பார்ப்பார். "நின்னுச்சா?" "இல்லம்மா." "இன்னும் எடு யிங், இன்னும் எடு!" மூச்சடைக்கிறது என்று படுத்துக்கிடந்த மனுஷியா இவர்? வியர்வை வழிய, முடி கலைய, பேய் பிடித்தவர் போல வேலை செய்தார். இரும்பில்லாதவையும் அந்த வேகத்தில் வெளியே வந்தன. செய்தித்தாள் கட்டு, நனைந்த பைகள், எல்லாம். தவளைகளைக் கையில் வைத்துக்கொண்டு சிஃபூவைப் பார்த்தார்.

"அது பித்தளை, ஊசியை ஒண்ணும் பண்ணாது" என்றார் அவர். "ஆனா ரெண்டு தவளை வீட்டுக்குள்ள ஒண்ணையொண்ணு முறைச்சுக்கிட்டிருந்தா எனக்கே தூக்கம் வராதும்மா."

தவளைகளும் போயின. நடைபாதையில் குவோக் அண்ணன் வீட்டு வாசல்வரை குவிந்துவிட்டது. கீழே பழைய இரும்பு வாங்குகிற அம்மாளுக்கு ஆள் அனுப்பினோம்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. தரை தெரிந்தது. பச்சை நிறத் தரை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டின் நட்டநடுவில், மனிதர் ஒருவர் தாராளமாக நிற்கிற இடத்தில், மோக் சிஃபூ மறுபடி திசைகாட்டியைப் பிடித்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஊசி ஒருமுறை இந்தப் பக்கம் போயிற்று. ஒருமுறை அந்தப் பக்கம். பிறகு மெதுவாக நடுக்கோட்டில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அவர் ஓரடி நகர்ந்து பார்த்தார், அசையவில்லை.

"ஆவி கீவி ஒண்ணும் இல்லம்மா. வீடு நல்ல வீடு. வாசல்ல தடையும் இல்ல."

அண்ணி ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அவரு இங்க இல்லையா?"

"இல்ல."

"கோபமா நிக்கலையா?"

"நல்லபடியாப் போய்ச் சேந்துட்டாரும்மா. நீங்கதான் அவரை விடாம வச்சிருந்தீங்க."

அப்போது அண்ணி அழுத அழுகையை நான் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் கால் நீட்ட அந்த வீட்டில் இடம் இருந்தது. அழுது முடித்து, "பசிக்குதுடி" என்றார். சிஃபூவுக்கும் சேர்த்து நூடுல்ஸ் கிளறினார்.

பிரச்சினை அதோடு தீரவில்லை. இரும்புக்கார அம்மாள் வருவதற்குள், நான் தட்டைக் கழுவிவிட்டு வெளியே வந்து பார்த்தால், அண்ணி பியோனிப் பூப் போட்ட டப்பா ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூனை மாதிரி உள்ளே நழுவுகிறார்.

"அண்ணி!"

"ஒண்ணே ஒண்ணுடி. மாவு போட்டு வைக்க."

"எடுத்துட்டுப் போங்க. தாராளமா எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு இன்னொண்ணு வரும். அப்புறம் ஊசி ஆடும், லாம் அண்ணன் வந்துட்டாருன்னு மறுபடி அழுவீங்க. அந்த மனுஷனைத் திரும்பவும் இங்க கூப்பிட்டு நிறுத்தப்போறீங்களா?"

என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் ஒருபோதும் பயந்ததில்லை. அன்று கொஞ்சம் பயந்தேன். பிறகு குனிந்து, பிள்ளையைப் படுக்கவைப்பது போல டப்பாவைக் குவியலின் மேல் வைத்துவிட்டு, "உன் வாய்ல புண்ணு வர" என்று என்னைத் திட்டிக்கொண்டே உள்ளே போனார். அன்றிரவு விடியும்வரை அசையாமல் தூங்கினாராம். காலையில் அவரே சொன்னார், இத்தனை நாள் தூக்கத்தை என்னமோ நான்தான் கெடுத்தேன் என்கிற குரலில்.

வருஷக் கடைசி நாள். மடக்கு மேசையை விரித்துச் சிவப்புத் துணி போட்டார். முழு மீன், வேகவைத்த கோழி, கருமுடிப் பாசியும் உலர்ந்த சிப்பியும். என்னால் என் அடுப்படியில் நிற்கமுடியவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட் திறந்தது. முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மெங்-ஃபோங், பின்னால் இரண்டு கையிலும் ஆரஞ்சுப் பை சுமந்து ஹோய்-திங். அவள் "அத்தை!" என்று விறுவிறுவென்று உள்ளே நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வீட்டைப் பழையபடி பார்க்காதவள்தானே.

அவன் வாசலில் நின்றான். தலையை நிமிர்த்தவில்லை. கால் பழகின வழியை நினைவு வைத்திருந்தது போலும்; பைகளை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பிடித்துக்கொண்டு, வயிற்றை எக்கி, உடம்பை ஒருக்களித்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் உள்ளே நுழைந்தான். தோளில் இடிக்க எதுவும் இல்லை. நடுவீடு வந்தும் அப்படியே ஒருக்களித்து நின்றான்.

"நேரா வாடா, ஆ-திங்" என்றார் அண்ணி. "நேராவே வரலாம்."

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். தரையைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், அப்பா விழுந்த குளியலறை வாசலைப் பார்த்தான். பைகள் கையிலிருந்து இறங்கின. இரண்டு கையையும் இரண்டு பக்கமும் முழுசாக நீட்டினான், எதிலும் படவில்லை. நீட்டிய கைகளை மடக்கத் தெரியாமல் அப்படியே அம்மாவிடம் போனான்.

நான் என் கதவைச் சாத்திக்கொண்டேன்.