படத்திலிருந்த பொட்டு

என் கணவர் இறந்த நாற்பதாம் நாள் பினாங்கிலிருந்து அந்த டாக்டர் வாட்ஸ்அப்பில் எழுதினார். பணி ஓய்வு பெற்றவர்; ஓவியங்களை வாங்கிச் சேர்ப்பதுதான் இப்போது அவருக்கு வேலை. கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் போக மிச்ச நேரத்தில் என் கணவர் வரைந்தவற்றில் இரண்டை முன்பே வாங்கியிருந்தார். லூனாஸ் தோட்டத்து லய வீட்டு வரிசை ஒன்று, செம்பனைக் காட்டில் மழை ஒன்று. மூன்றாவதாக அவர் கேட்டது என்னை வரைந்த படம். அது கிடைக்காமல், கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

"இது வீட்டுக்காரி சார், விக்கிறதுக்கு இல்ல லா. இவ மூஞ்சிய வரையவே எனக்கு மூணு ஓஃப் நாளு போச்சு" என்று அன்று என் கணவர் சிரித்தார். நான் குசினி அடுப்பருகிலிருந்து முறைத்தேன்.

டாக்டருடைய செய்திகள் கடிதம் போலவே இருக்கும். 'அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்' என்று தொடங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முடிப்பார். நானும் பதில் போடுவேன். சாப்பிட்டேன், தூங்கினேன் என்று. இரண்டும் உண்மைதான். நாங்கள் குடியிருக்கும் பாக்கார் ஆராங்கில் எல்லாரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு எதுவுமே தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது கடிதத்தில் அந்தப் படத்தை மறுபடி கேட்டார். கொடுத்துவிடலாம் என்றே நினைத்தேன். கூடத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அலுப்பாக இருந்தது. அது இப்போது இருக்கிறபடி ஒரு படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் பதில் வந்தது.

'அம்மா, தவறாக நினைக்க வேண்டாம். நான் அன்று எடுத்த படத்தில் நெற்றியில் சிவப்புப் பொட்டு இருக்கிறது. நீங்கள் அனுப்பியதில் இல்லையே?'

இரண்டு நாள் கழித்துத்தான் எழுதினேன். பதினாறாம் நாள் காரியத்தில் என் பொட்டை அழித்தார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் என் நாத்தனார் சுவரைப் பார்த்து, "அண்ணி, படத்துல மட்டும் இருக்கு பாருங்க. வர்றவங்க என்னா சொல்வாங்க?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, அண்ணனைப் பறிகொடுத்தவள். எல்லாரும் போனபின் அவருடைய சாயப் பெட்டியைத் திறந்து, தோல் நிறத்தை நானே குழைத்துப் பொட்டின்மேல் பூசினேன். இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு அந்த நிறம் வராதா? முதல் தடவையிலேயே வந்துவிட்டது. பிரஷைக் கழுவி வைத்துவிட்டு உலை வைத்தேன்.

டாக்டர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிற ஒருவர் அவருக்குத் தெரிந்தவராம். நான் பூசியது புதுச் சாயம்; அதை மட்டும் பதமாகத் துடைத்தெடுத்தால், கீழே என் கணவர் வைத்த பொட்டு அப்படியே இருக்குமாம். 'நீங்கள் சம்மதித்தால்தான் அம்மா. இல்லையென்றால் இப்படியே வாங்கிக்கொள்கிறேன்.'

நாத்தனாரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். 'துடைக்கச் சொல்லுங்கள். பிறகு எனக்குப் படம் அனுப்ப வேண்டாம்' என்று எழுதினேன். அந்த வாரமே வேன் வந்து எடுத்துப் போனது. டாக்டர் சொன்ன சொல் தவறாதவர், எதுவும் அனுப்பவில்லை. மூன்று வாரம் பொறுத்து, வாய் சும்மா இருக்காமல் நானே கேட்டேன்.

'பொட்டு வந்துவிட்டதா?'

'வந்துவிட்டது அம்மா. கொஞ்சமும் சிதையவில்லை. கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.'

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். பினாங்கில் ஒரு கூடத்தில் என் முகத்தோடு ஒருத்தி பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் புருஷன் இருக்கிறார். அவளை நினைக்க எனக்கு வயிறெரிந்தது. அப்புறம்தான் அழுதேன்.