பாய்மரத்தில் என் முகம்

என் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அப்பா அடித்த ஃப்ளெக்ஸ் பேனர் ஆள் உயரத்துக்கு மேல். அதில் பட்டுப்புடவையும் கனத்த மாலையுமாக, கன்னத்தில் கைவைத்து நான் சிரித்துக்கொண்டிருப்பேன். ஊரில் மற்ற பேனர்களைப் போல அதுவும் வைக்கோல்போருக்கு மூடியாகப் போயிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா அதைப் படகுக்குப் பாயாகக் கட்டினார். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோவளம் பக்கம் ஒரு ஓட்டலுக்கு ஒயரிங் வேலைக்குப் போனவர், அங்கே கழித்துப் போட்டிருந்த சின்ன ஃபைபர் படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஓட்டக் கற்றதெல்லாம் செல்போன் வீடியோவில்தான். உத்திரமேரூர் ஏரி அந்த வருஷம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கலைத் தாண்டி வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகலாம் என்றார்.

அந்த ஏரியில்தான் நான் நீந்தக் கற்றிருந்தேன். வயதுக்கு வந்த பெண் இனி ஏரிப் பக்கமே போகக்கூடாது என்று அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, சட்டம் போட்டிருந்தாள். அப்போது வாயைத் திறக்காத அப்பா, இப்போது என் மூஞ்சியைக் கொடிபோல் ஏற்றிக்கொண்டு ஏரிக்குக் கூப்பிடுகிறார்! காவலுக்கு அத்தையும் ஏறிக்கொண்டாள்.

"இன்னாடா இது, பொண்ணு படத்த தொங்க வுட்டுக்கினு கீற? ஊரே பாக்குது" என்றாள் அத்தை.

"தண்ணி எறங்காத துணி வூட்ல வேற இன்னாக்கா கீது?"

காற்று பிடித்ததும் பேனரில் என் கன்னங்கள் உப்பின. கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு என் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் அம்மாவின் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். காற்றோடு போவது சுலபம். திரும்பி வருவது எப்படி என்கிற வீடியோவை அப்பா பாதியில் விட்டிருந்தார். படகு நேராகப் போய், எதிர்க்கோடியில் தண்ணீருக்குள் நின்ற வேலிக்காத்தான் புதரில் சொருகிக்கொண்டது. அத்தையின் புடவை முள்ளில் மாட்டியது.

அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தள்ளினார். அசையவில்லை. "காத்து திரும்பும், கம்முனு குந்துங்க" என்றார். காற்றுக்கு அப்படி ஒரு உத்தேசமே இல்லை. அம்மா நிதானமாகப் புளிசாதம் எடுத்துக் கொடுத்தாள்.

கடைசியில் அத்தைக்குத்தான் பொறுமை போயிற்று. "ஏண்டி, மரம் மாதிரி குந்திக்கினு கீறியே! நீச்சல் தெரியுமில்ல? எறங்கித் தள்ளுடி!"

அதற்குமேல் அவள் என்ன சொன்னாள் என்று கேட்க நான் படகில் இல்லை.

தள்ளியதில் படகு விடுபட்டது. பாயைச் சுருட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்து நானும் அப்பாவும் கரையோரமாகவே இழுத்து வந்தோம். ஆழமான இடங்களில் நீந்தினேன். அத்தை மகாராணிபோல் உட்கார்ந்து, "அந்தாண்ட இசுடி, இந்தாண்ட இசுடி" என்று அதட்டிக்கொண்டே வந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் சட்டத்தைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. எந்த வாயால் அவள் பேசுவாள்?

கரையேறி நடுங்கிக்கொண்டு நின்றேன். அப்பா ஈர லுங்கியைப் பிழிந்துகொண்டிருந்தார். அவருக்கு மாற்றுத்துணி கிடையாது. அம்மா கூடையின் அடியிலிருந்து ஒரு துண்டையும் என் சுடிதாரையும் எடுத்து நீட்டினாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் படப்போகும் பாட்டை நினைத்து அவளிடம் எரிந்து விழுந்தபடியே தலையைத் துவட்டினேன். நான் தண்ணீரில் இறங்குவேன் என்று காலையில் கிளம்பும்போதே அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.