புளியமரத்தைத் தாண்டிப் போன கருமாதி

எங்கள் அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு மரத்தைத்தான் வெட்டினார். அது போய் அம்மாவின் வழியில் விழுந்தது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. சங்கராபுரம் போகிற ரோட்டில் ஊருக்கு ஊர் புளியமரத்தைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. எனக்கு ஒன்பது வயது. போராட்டம் என்றால் லீவு என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

அதற்குச் சில நாள் முன்பு மளிகைக் கடையில் மிளகாய் மடித்துக் கொடுத்த தாளை அம்மா அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள். எட்டாவது வரை படித்தவள். பொட்டலத் தாளைக்கூடப் படிக்காமல் எறியமாட்டாள். இலங்கைச் சண்டையில் குண்டு விழுந்து செத்த பிள்ளைகளைப் பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையாகக் கிடத்தியிருந்த படம். ஒரு பெண்ணுக்கு இரட்டைச் சடை, என்னை மாதிரியே. யார் பக்கம் நியாயம் என்று படத்துக்குக் கீழே நிறைய எழுதியிருந்தது. இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு எந்தப் பக்கத்து நியாயமும் வேண்டாம், முதலில் சண்டையை நிறுத்துங்கள் என்றுதான் சொல்வேன். அம்மா தாளின் மேலே இருந்த தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள். "வர்ற வெள்ளிக்கெழம பதினாறாம் நாளு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளை செத்தால் பதினாறாம் நாள் காரியம் கிடையாது. ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்து தலை முழுகினால் முடிந்தது. பெண்கள் அங்கே போவதும் கிடையாது. அப்பா இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நம்ம ஊர்ல செத்ததுக்கே செய்யறதில்ல, யாரோ பெத்ததுக்கு இன்னாத்துக்கு?" என்று கேட்டார். அம்மா மிளகாய் அரைப்பதை நிறுத்தவில்லை. "யாரும் செய்யமாட்டாங்க. அதான் நான் செய்றேன்."

படையலில் செத்தவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டும். பேர்கூடத் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும்? தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டு அவரவருக்குப் பிடித்ததை எடுத்துவரச் சொன்னாள் அம்மா. பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். பொரி, கமர்கட்டு, கல்வராயன் மலையிலிருந்து வந்த சீத்தாப்பழம். ஒருவன் பம்பரம் கொண்டுவந்தான். என் கடலைமிட்டாயில் வழியிலேயே ஒரு மூலையைக் கடித்துவிட்டேன். அவர்களும் பிள்ளைகள்தானே, கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஏரிக்கரைக்கு ரோடு ஒன்றுதான் வழி. இரண்டு பக்கமும் நடவு முடிந்து தண்ணீர் நிற்கிற வயல். வெட்டிப்போட்ட மரத்துக்கு இந்தப் பக்கம் அப்பாவும் ஊர் ஆண்களும் காலடியில் கல்லைக் குவித்து வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த போலீஸ் லாரியும் தடியோடு இருபது பேரும். யார் முதலில் கை நீட்டுவது என்பது மட்டும்தான் பாக்கி. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போய் மரத்தை ஒட்டி நின்றாள்.

"எங்கம்மா போய்க்கினு இருக்க?" என்றார் மீசை வைத்த போலீஸ்காரர்.

"கருமாதிக்குங்க."

"யாரு செத்தது?"

"புள்ளைங்க."

தாளை நீட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இது இன்னா நம்ம ஊர் சாவா? திரும்பிப் போம்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா நகரவில்லை. இரண்டு பக்கத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நீங்க அடிச்சிக்கினு சாவறதுக்கு நேரம் நெறைய கெடக்குதுங்க. கல்லையும் போடுங்க, தடியையும் போடுங்க. புள்ளைங்க போய்ட்டு வர்ற வரைக்கும் ஒருத்தரும் கை ஓங்கக்கூடாது."

அப்பாதான் முதலில் அசைந்தார். கையிலிருந்த கல்லைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கி மரத்தின்மேல் நிறுத்தினார். அந்தப் பக்கம் மீசைக்காரர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னை இறக்கிவிட்டார். இப்படியே பன்னிரண்டு பேரையும் கை மாற்றினார்கள். பம்பரக்காரன் நைசாகத் திரும்பிப் போய் இரண்டாம் தடவையும் ஏறினான்.

ஏரிக்கரையில் இலை போட்டு எல்லாவற்றையும் வைத்தோம். அம்மா கற்பூரம் ஏற்றினாள், கும்பிட்டோம். திரும்பி வரும்போது இரண்டு கும்பலும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அங்கே அடிதடி நடக்கவில்லை.

எங்களைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று நான் வெகுநாள் பெருமையடித்துத் திரிந்தேன். பிள்ளைகள் நிற்கிற இடத்தில் யாரும் அடிக்கமாட்டார்கள் என்று அம்மாவுக்கு உறுதியாகத் தெரியும் என்றும் நினைத்தேன். எப்படித் தெரிந்திருக்கும்? அடிப்பார்கள் என்பதற்கு அத்தாட்சியைத்தானே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துப் பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். என்ன ஆச்சு என்று அப்பா கேட்டார். அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான்தான் சொன்னேன்.