வரப்பில் வலது பக்கம்

நான் நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த கோடையில், வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், அம்மா என்னை மரக்காணம் உப்பளத்துக்குத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அப்பா பாண்டிச்சேரியில் ஒரு லாரி ஷெட்டில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். உப்பளத்தில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ரோட்டோரம் குவித்திருக்கும் உப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, யாராவது அதட்டி இறக்கிவிடும்வரை வேடிக்கை பார்ப்பதுதான்.

வேடிக்கைக்குக் குறைவில்லை. ஆண்கள் பாத்தியில் வாரி ஒதுக்கிய உப்பைப் பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, நீளமான ஒரே வரப்பின் வழியாக இந்தக் குவியலுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வெறுங்கூடையோடு அதே வரப்பில் திரும்பிப் போவார்கள். இரண்டு பேர் உரசிக்கொண்டுதான் கடக்க முடியும். எதிரெதிரே இருவர் வந்தால், இவள் ஒதுங்கும் பக்கமே அவளும் ஒதுங்குவாள். இவள் மாற்றிக்கொண்டால் அவளும் மாற்றிக்கொள்வாள். தலையில் பாரத்தோடு நின்ற இடத்திலேயே இப்படி ஆடுகிறவர்களைப் பார்த்து நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்.

ஒருநாள் காலை அம்மாவும் சித்தியும் அப்படி முட்டிக்கொண்டார்கள். அம்மா தலையிலிருந்த கூடை சரிந்து, உப்பு முழுவதும் பாத்தித் தண்ணீரில் போய்விட்டது. சித்தி அம்மாவின் தங்கை என்பதால் அது சிரிப்போடு முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வெறுங்கூடையோடு திரும்பிப் போன அம்மா, கீழ்புத்துப்பட்டிலிருந்து வரும் ஒரு பெண்மேல் மோதி அவளுடைய கூடையைக் கவிழ்த்துவிட்டாள்.

“பாத்து வரக்கூடாதாக்கா? நான் ஓரமாத்தானே வந்தேன்?” என்று அவள் கத்தினாள்.

சத்தம் கேட்டு மேஸ்திரி வந்துவிட்டார். “இந்தாம்மா, இன்னொரு கூடை வுழுந்துச்சுன்னா நீ நாளைக்கு வேலைக்கு வர வேணாம்.”

தெருக்குழாயில் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற அம்மா அன்று சும்மாட்டை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். கூடையை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு, வரப்பின் தொடக்கத்தில் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நேராக நடக்க ஆரம்பித்தாள். எதிரே சித்தி வந்தாள். அம்மா அசையவில்லை.

“நான் இந்த ஓரமா வர்றேன். நீ அந்த ஓரமா போடி.”

“யாரு சொன்னது?”

“நான்தான் சொல்றேன், போ.”

சித்தி முணுமுணுத்துக்கொண்டே தன் வலது ஓரத்துக்குப் போனாள். அம்மாவுக்குப் பின்னால் வந்தவள் அம்மாவின் காலடியைப் பார்த்து நடந்தாள். சித்திக்குப் பின்னால் வந்தவள் சித்தியைப் பார்த்து நடந்தாள். மத்தியானம் கஞ்சி குடிக்க உட்காருவதற்குள் அந்த வரப்பில் இரண்டு வரிசைகள் உண்டாகிவிட்டன. ஒன்று வந்தது, ஒன்று போனது. ஆட்டம் நின்றுபோனதில் எனக்குத்தான் வேடிக்கை போயிற்று. அதன்பிறகு ஒரு கூடைகூட விழவில்லை. சாயங்காலம் முதலாளி வந்தபோது, தானே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்திருப்பதாக மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கிளியனூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த இரண்டு பேர், ரோட்டில் நடக்கிற பழக்கத்தில் இடது ஓரமாக நடந்தார்கள். “அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!” என்று நான் குவியல் மேலிருந்து கத்தினேன். நான் கத்தியிருக்கவே வேண்டாம். எதிர்வரிசையே அவர்களை நெட்டித் தள்ளி வலது ஓரத்தில் சேர்த்துவிட்டது. ஆனாலும் என் அம்மா போட்ட ரோடு அல்லவா? அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கு அம்மாவிடம் கேட்டேன். “ஏம்மா ரைட்டு? லெஃப்ட்லதான் போவணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க.”

“ஏதோ ஒரு பக்கம் போனா சரி” என்றாள். ஏதாவது பெரிய காரணம் இருக்கும் என்று எதிர்பார்த்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

இப்போது நான் திண்டிவனத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். சமச்சீர் முறிவைப் பற்றிச் சொல்லவேண்டி வரும்போதெல்லாம் அந்த உப்பளத்துக்குத்தான் போவேன். உப்புத் தண்ணீருக்குள் எல்லாத் திசையும் ஒன்றுதான். எந்தத் துகளுக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்ற பேதம் கிடையாது. தண்ணீர் வற்றி, முதல் பொடி உப்பு எப்படியோ ஒருவாக்கில் உட்கார்ந்துவிட்டால் அந்தச் சமம் போய்விடும். பின்னால் வருகிற துகள்கள் அதன் வாக்கிலேயே வரிசை பிடிக்கும். கட்டங்கட்டமாக உப்பு விளைவது அப்படித்தான். சமமாக இருந்தது எங்கோ உடைந்தால்தான் ஒழுங்கு பிறக்கிறது என்று சொல்லிவிட்டு, வரப்புக் கதையையும் சொல்வேன். “எந்தப் பக்கம்னு எது மிஸ் முடிவு பண்ணும்?” என்று யாராவது கேட்பார்கள். துளியளவு சாய்வு போதும், அது என்னவென்று பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது என்பேன். அம்மா இதை அன்றே ஒரு வரியில் சொல்லிவிட்டாள் என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும்.

போன வருஷம் அம்மாவின் இடது கண்ணில் புரை எடுக்கப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனேன். இரண்டு கண்ணையும் சோதித்த டாக்டரம்மா என்னைப் பார்த்து, “வலது கண்ணுல நரம்பு செத்து ரொம்ப வருஷம் ஆச்சே, உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்மாவிடம் எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

“நீ நாலாவது படிக்கும்போதே போயிடுச்சு. ஒரு கண்ணுதான்னு தெரிஞ்சா மேஸ்திரி தலைல கூடை ஏத்த வுடுவானா? வலது பக்கத்துல ஆளு வந்தா தெரியல. அதான் அந்தப் பக்கம் ஆளே வராத மாதிரி நடந்தேன்.” சாதாரணமாகச் சொல்லிவிட்டு, டீ கிடைக்குமா என்று கேட்டாள்.

அந்தக் கோடையில் வேலை முடிந்து வீடு திரும்பும்போதெல்லாம் நான் அவளுடைய வலப்பக்கம் நடந்துகொண்டு ஓயாமல் பேசிக்கொண்டே வருவேன். “இங்க பாரேம்மா” என்று நான் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவள் நின்று, முகம் முழுவதையும் என் பக்கம் திருப்பி என்னைப் பார்ப்பாள். மற்ற அம்மாக்களெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்து ‘ம்’ கொட்டிக்கொண்டே நடக்க, என் அம்மா மட்டும் நின்று பார்க்கிறாளே, என் பேச்சு அவளுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் அதிகமாகப் பேசினேன்.