யூசுப் பாய் தன்மேல் போட்டுக்கொண்ட பிழை

வியாழக்கிழமை காலை, அம்பத்தூர் எஸ்டேட்டில் பேருந்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். யூசுப் பாயின் தம்பி காதர் போன் செய்தார். "அண்ணன் மவுத்தாயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. அசர் தொழுகைக்கு அப்புறம் பூந்தமல்லியில அடக்கம்" என்றார். நம் அலுவலகத்தின் பழைய நண்பர்களான உங்களுக்கு நான்தான் உடனே சொல்லியிருக்க வேண்டும். அன்று ஒருவரையும் அழைக்கவில்லை. மன்னியுங்கள்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒரு விஷயம்தான் இருக்கிறது. பதினோரு வருடமாக அதைச் சொல்லாமல் இருந்தேன்.

உங்களுக்குத் தெரியும், நம் நிறுவனம் பிறருக்கு இணையதளம் செய்து கொடுப்பது. சர்வர் அவர் பொறுப்பு, பக்கங்கள் என் பொறுப்பு. ஒவ்வொரு தளம் முடிந்ததும் பாய் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக முகவரிகளைத் தட்டிப் பார்ப்பார். "இன்னா பாய் விளையாட்டு?" என்று ஒருநாள் கேட்டேன். "ஊர்ல எல்லாரும் இப்படித்தான் மச்சான் தட்டுவான். அட்ரஸை நாம மாத்தலாம், வர்றவன் அலையக் கூடாது" என்றார்.

ஆவடியில் சிலர் சேர்ந்து ரத்த தானம் செய்பவர்களின் பட்டியலை ஒரு தளத்தில் வைத்திருந்தார்கள். அதன் முகவரிகள் எல்லாம் '.html' என்ற வாலோடு முடியும். அந்த வாலை எடுத்து, முகவரிகளைச் சுருக்கமாக்கித் தரச் சொன்னார்கள். பழைய முகவரியில் வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிட பாய் சில வரிகள் எழுதிவைத்தார். மறுநாள் அவருக்கு விடுப்பு. "இதப் போடாம சைட்டை ஏத்தாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவசரம். புதிய முகவரிகள் திறந்தன. அது போதும் என்று ஏற்றிவிட்டேன். அந்த வரிகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, மறந்தும் போனேன்.

இரண்டு வாரம் கழித்து, பாடிப் பகுதியிலிருந்து ஒருவர், தளத்துக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். லேத் பட்டறையில் வேலை செய்பவர். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பிரித்துக் கொண்டுவந்திருந்தார். அதில் இருந்தது பழைய முகவரி. மனைவிக்கு ஆபரேஷன், அரிய வகை ரத்தம். பகல் முழுக்க அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். சாயங்காலம் வேறு வழியில் ரத்தம் கிடைத்தது. அந்த அம்மா பிழைக்கவில்லை. தாமதம்தான் காரணமா என்று டாக்டர்கள் சொல்லவில்லையாம்.

அவர் சத்தம் போடவில்லை. "பக்கம் இல்லைன்னே வந்துகினு கீது சார். இதே நோட்டீஸ் இன்னும் நாலு ஆஸ்பத்திரில கீது. மத்தவனும் அலைவான், அதான் சொல்லிட்டுப் போலாம்னு" என்றார்.

அவர் போனதும் உரிமையாளர் கேட்டார்: "யார் வேலை இது?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் வேலைதான் சார். வுட்டுட்டேன்" என்றார் பாய்.

அன்றே அந்த வரிகளைச் சேர்த்தார். பழைய முகவரிகள் ஒவ்வொன்றையும் தட்டி, சரியான பக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். அந்த வாரமே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். வேறு நிறுவனம் எதுவும் அமையவில்லை. நசரத்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில், வருகிறவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை குமணன்சாவடி நிறுத்தத்தில் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். "பொண்ணு நல்லா படிக்குதா மச்சான்?" என்று கேட்டார். படிக்கிறாள் என்றேன். என் பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.

அடக்கம் முடிந்தபின் காதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"தெரியும்ணே. அன்னைக்கே ஊட்ல சொல்லிட்டாரு. 'அவனுக்குக் கொழந்த பொறந்து பத்து நாள்தான் ஆவுது, வேலை போனா இன்னா பண்ணுவான்'னாரு. உங்களாண்ட யாரும் கேக்கக் கூடாதுன்னும் சொல்லிவெச்சாரு." பிறகு சொன்னார்: "ஆனா ஒருநாள் நீங்களே வருவீங்கன்னு பாத்துகினே இருந்தாரு."

இதை எழுதும் முன் உரிமையாளரிடமும் சொன்னேன். "ஆளே போயிட்டாரு, இப்ப எதுக்குப்பா?" என்றார்.

அவருடையதாக என்னிடம் இருப்பது இந்த வேலை மட்டும்தான். அவர் எழுந்து போனதால்தான் நான் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.