மூன்றாவது பட்டன்

எந்த முடிவும் எடுக்காமல் ஒரு மனிதன் தன் வாழ்நாளைக் கடத்திவிட முடியுமா? முடியாது என்றுதான் தத்துவம் படித்தவர்கள் சொல்வார்கள். முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதானே என்று வாதாடுவார்கள். அவர்களில் யாரும் நெய்வேலி பதினாறாவது வட்டத்தில் குடியிருக்கும் கோபாலகிருஷ்ணனைச் சந்தித்ததில்லை.

அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். வேலைக்கு மனுப் போட்டது அப்பா. பெண் பார்த்தது அம்மா. எந்தக் குவார்ட்டர்ஸ் என்று முடிவு செய்தது மனைவி சுப்புலட்சுமி. மகளுக்குப் பெயர் வைத்தது மைத்துனர். காலையில் இட்லியா தோசையா என்று கேட்டால், "எதுன்னாலும் சரி" என்பார். சுப்புலட்சுமி அந்தப் பதிலைக் கல்யாணமான புதிதில் அன்பு என்று எடுத்துக்கொண்டாள். குழந்தை பிறந்த பிறகு பொறுமை என்று எடுத்துக்கொண்டாள். பிற்பாடு எதுவாகவும் எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டாள்.

நகரியத்துச் சிறுகடை உரிமப் பிரிவில் அவர் கண்காணிப்பாளர். பூக்கடை, பங்க் கடை, தள்ளுவண்டி, பேருந்து நிறுத்தத்து டிபன் கடை என்று யார் எங்கே கடை போட வேண்டுமானாலும் கோப்பு அவர் மேஜைக்கு வர வேண்டும். வந்த கோப்பின் ஓரத்தில் அவர் "பேசுக" என்று எழுதுவார். அலுவலகக் கோப்புகளில் இது நெடுநாள் வழக்கம். சரி என்றும் சொல்ல மனமில்லை, இல்லை என்றும் சொல்ல மனமில்லை என்றால் மேலே இருப்பவர் இப்படி எழுதுவார். கீழே இருப்பவர் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே நாளில் சீட்டில் இருந்தால் பேசுவார்கள். இல்லாவிட்டால் கோப்பு காத்திருக்கும். மற்ற அதிகாரிகள் அதைச் சோற்றுக்கு ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்வார்கள். கோபாலகிருஷ்ணன் அதையே சோறாகச் சாப்பிட்டார்.

இதனால் அவருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பணிப்பதிவேட்டில் ஒரு மெமோ கிடையாது, ஒரு விசாரணை கிடையாது. முடிவே எடுக்காதவர் தவறான முடிவு எடுத்தார் என்று யார் எழுத முடியும்?

அந்தச் சுத்தமான பதிவேடுதான் அவரை மாட்டிவிட்டது.

சிறுகடை உரிமங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பரிசீலிப்பது என்று அரசுத் துறையும் ஒரு சென்னை மென்பொருள் கம்பெனியும் சேர்ந்து முடிவு செய்தன. அதை நெறிப்படுத்த ஒரு கூட்டுக் குழு அமைந்தது. தலைவர் சிவப்பிரகாசம், அரசு அதிகாரி, நிதானமானவர். கம்பெனித் தரப்பில் ஒரு மேலாளரும் கிருஷ்ணப்ரியா என்ற இளம் பொறியாளரும் வந்தார்கள். வடை, காபியோடு பல கூட்டங்கள் நடந்து விதிமுறைகள் தயாராயின. அவற்றுள் இரண்டு முக்கியமானவை. இயந்திரம் சொல்லும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் அது காரணம் சொல்ல வேண்டும். எந்தப் பரிந்துரையும் ஒரு மனிதர் பார்த்துப் பட்டனை அழுத்தாமல் வெளியே போகக் கூடாது.

இரண்டு விதிகளையும் எல்லோரும் பாராட்டினார்கள். அந்த மனிதர் யார் என்று கேட்டபோது எல்லோரும் காபி டம்ளரைக் கையில் எடுத்தார்கள்.

"இயந்திரம் உங்களோடது. உங்க ஆள் இருந்தாத்தான் பொருத்தமா இருக்கும்" என்றார் சிவப்பிரகாசம்.

"அதிகாரம் உங்களோடது சார். நாங்க வெறும் கருவி குடுக்கறவங்க" என்றார் மேலாளர்.

பொறுப்பு என்ற தட்டு மேஜையைச் சுற்றி இரண்டு முறை மரியாதையாகப் போய்வந்தது. கடைசியில் யாரோ சொன்னார்கள்: இத்தனை வருட சர்வீஸில் ஒரு பிழைகூடச் செய்யாத ஒருவர் இங்கேயே இருக்கிறார்.

கோபாலகிருஷ்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கிருஷ்ணப்ரியா திரையைக் காட்டினாள். மேலே விண்ணப்பம், நடுவில் இயந்திரத்தின் பரிந்துரையும் காரணமும், கீழே பச்சையில் 'அனுமதி', சிவப்பில் 'மறுப்பு'.

"ரொம்ப சிம்பிள் சார். அது சொல்றது சரின்னு பட்டா அதையே அழுத்துங்க. தப்புன்னு பட்டா இன்னொண்ணு. நீங்க திருத்தத் திருத்த அது உங்களைப் பாத்துக் கத்துக்கும்."

கோபாலகிருஷ்ணன் திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ரெண்டே பட்டன்தானாம்மா?"

"வேற என்ன சார் வேணும்?"

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். கிருஷ்ணப்ரியாவுக்குப் புரியவில்லை. ஆனால் கோப்புகளுக்கு நடுவே தலை நரைத்த சிவப்பிரகாசத்துக்கு உடனே புரிந்தது. மனித விவேகத்துக்கு இடம் வேண்டும் என்று அவர் குறித்துக்கொண்டார். கூடுதல் வசதி என்றால் ஒப்பந்தத்தில் கூடுதல் ஷரத்து என்பதால் மேலாளருக்கும் மகிழ்ச்சி. அடுத்த கூட்டத்துக்குள் பச்சைக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் மூன்றாவது பட்டன் வந்துவிட்டது: 'பேசுக'.

அரசும் தொழிலும் இவ்வளவு விரைவாக ஒத்துப்போனதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் இயந்திரம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசியது. கோயில் வாசல் பூக்கடைக்கு அனுமதி. காரணம், இடம் போதுமானது. பள்ளிக்கூட வாசல் போண்டா வண்டிக்கு மறுப்பு, காரணம், நெரிசல். கோபாலகிருஷ்ணன் ஒவ்வொன்றையும் கவனமாகப் படித்தார். படிக்காமல் அழுத்தினார் என்று அவர் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. படித்துவிட்டு மஞ்சளை அழுத்தினார்.

தீபாவளி கழிந்தது. ஒரு நாள் காலையில் முறுக்குக் கடை விண்ணப்பம் ஒன்றுக்கு இயந்திரம் தானாகவே "பேசுக" என்றது. காரணம்: முந்தைய நடைமுறை.

கோபாலகிருஷ்ணனுக்கு முதுகில் யாரோ தட்டிக் கொடுத்தது போல இருந்தது. மஞ்சளை அழுத்தினார். அடுத்ததற்கும் அது அதையே சொன்னது. அதற்கடுத்ததற்கும்.

கூட்டுக் குழு பூரித்துப்போனது. மனிதரும் இயந்திரமும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறார்கள் என்று வரைபடம் காட்டியது. இதை முன்மாதிரித் திட்டமாக வெளி மாவட்ட அதிகாரிகளுக்குச் செய்து காட்டுவது என்று தேதி குறித்தார்கள். கிருஷ்ணப்ரியா மட்டும் அவர் மேஜைக்கு வந்து நின்றாள்.

"சார், அது உங்களை மாதிரியே ஆயிடுச்சு."

"நல்லதுதானேம்மா?"

"நல்லதா கெட்டதான்னு நீங்கதான் சார் சொல்லணும்."

"பேசலாம்" என்றார்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, கலியம்மாளைத் தவிர மற்றவர்களுக்கு. ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் டிபன் வண்டி போட்டிருப்பவள் அவள். பக்கத்துக் கிராமம். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் அவள் இட்லியில்தான் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். கோபாலகிருஷ்ணனும் மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் சுப்புலட்சுமிக்குத் தெரியாமல் அங்கே மெதுவடை சாப்பிடுவார். "சட்னியா சாம்பாராங்க?" என்று முதல் நாள் கேட்டவள், பதில் வராமல் வடை ஆறுவதைப் பார்த்து மறுநாளிலிருந்து கேட்பதை விட்டுவிட்டாள். அவளாக சாம்பாரை ஊற்றினாள்.

அவளுடைய உரிமம் ஆவணியிலேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்கப் போட்ட மனு மஞ்சளில் கிடந்தது. மார்கழியில் ஒரு நாள் அவள் அலுவலகத்துக்கே வந்தாள்.

"செல்லுல பேசுகன்னு வந்துகினே இருக்குதுங்க சார். நானும் யாருகிட்ட பேசறதுன்னு தேடிக்கினே இருக்கறன்."

"உக்காரும்மா. பரிசீலனையில இருக்கு."

"அது இருக்கட்டுங்க. என் தங்கச்சி வூட்டுக்காரு பண்ருட்டி பஸ் ஸ்டாண்டாண்ட பாதிக் கடை தரேங்கறாரு. தை பொறக்கற வரைக்கும்தான் வெச்சிருப்பாராம். அப்பறம் பழக்கடைக்காரருக்குக் குடுத்துருவாரு. இங்க ஆவும்னா நான் அங்க போவல. ஆவாதுன்னா இன்னைக்கே மூட்டையைக் கட்டிருவன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டுல எதுன்னாலும் பரவாயில்லையா உனக்கு?" அவருக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது.

"ஆவாதுன்னு சொல்றவங்க கிட்ட சண்டை போடலாங்க. அழுவலாம். எந்திரிச்சி வேற வேலையப் பாக்கலாம். இதுல என்னங்க பண்றது? வண்டியப் புதுசாக்கவும் முடியல, விக்கவும் முடியல. இந்தப் பக்கம் ஒரு காலு, அந்தப் பக்கம் ஒரு காலுன்னு நின்னுகினே இருந்தா காலு வலிக்காதுங்களா?"

கோபாலகிருஷ்ணன் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பதில் வெளியே வரப் பார்த்தது. மூடிக்கொண்டார்.

"எங்க மாமியாகூட இப்படித்தான். பொண்ணு புடிச்சிருக்கான்னு கேட்டதுக்கு ஒண்ணுஞ் சொல்லல. இன்னி வரைக்கும் சொல்லல" என்று சொல்லிவிட்டுக் கலியம்மாள் எழுந்து போனாள்.

அன்று மாலை அவர் வடை சாப்பிடப் போகவில்லை. வீட்டில் சுப்புலட்சுமி வழக்கப்படி கேட்காமலே தோசை வார்த்துப் போட்டாள். அவர் தோசையைப் பார்த்தபடி சொன்னார்: "சட்னி இல்லாட்டியும் பரவாயில்ல. மாமியார் கதையெல்லாம் எதுக்குச் சொல்லணும்?" சட்னி தட்டில்தான் இருந்தது. சுப்புலட்சுமி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

செய்து காட்டும் நாள் பொங்கலுக்கு முந்திய வாரத்தில் வந்தது. வாசலில் கோலம், உள்ளே பூங்கொத்து, முந்திரி பக்கோடா. வெளி மாவட்ட அதிகாரிகள் இரண்டு வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பிரகாசம் அரசின் பங்கைப் பற்றிப் பேசினார். மேலாளர் தொழிலின் பங்கைப் பற்றிப் பேசினார். இருவரும் ஒருவரையொருவர் புகழ்ந்ததில் இயந்திரத்தைப் பற்றிப் பேச நேரமில்லாமல் போயிற்று.

விருந்தினர்களில் ஒருவர், "நிஜமா ஒரு கேஸ் பண்ணிக் காட்டுங்களேன்" என்றார்.

நிலுவையில் இருந்தவற்றில் பழையதைக் கிருஷ்ணப்ரியா எடுத்தாள். பெரிய திரையில் கலியம்மாளின் பெயர் வந்தது. வண்டியோடு அவள் நிற்கும் படம் வந்தது. படத்தில் அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். பரிந்துரை: பேசுக. காரணம்: முந்தைய நடைமுறை.

"இப்ப நம்ம கோபாலகிருஷ்ணன் சார் சுதந்திரமா தன் முடிவை எடுப்பாரு" என்று மேலாளர் அறிவித்தார். அவர் கை ஏற்கெனவே கைதட்டத் தயாராக இருந்தது.

கோபாலகிருஷ்ணன் எழுந்து போய்க் கணினி முன் உட்கார்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மவுஸ் மேலே அவர் கை இருந்தது. அம்புக்குறி மஞ்சளின் மேல் போய் நின்றது. பழக்கப்பட்ட மாடு தொழுவத்துக்குப் போவது போலத்தான் போனது. பிறகு மெல்ல நகர்ந்தது. பச்சையைத் தாண்டியது.

சிவப்பை அழுத்தினார்.

கைதட்ட எழுந்த கை ஒன்று பாதியில் நின்று, பக்கோடாவை எடுத்துக்கொண்டது. வரைபடத்தில் கோடு ஒரு படி இறங்கியது.

கிருஷ்ணப்ரியா குனிந்து காதருகில் சொன்னாள்: "சார், கை தவறிப் பட்டுடுச்சா? ஒரு நிமிஷம் டைம் இருக்கு. மாத்திடலாம்."

கோபாலகிருஷ்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். திரையில் நொடிகள் ஓடித் தீர்ந்தன. மறுப்பு வெளியே போயிற்று.

விருந்தினர்கள் போன பிறகு சிவப்பிரகாசம் கதவைச் சாத்தினார். "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார்.

கோபாலகிருஷ்ணன் பதில் சொல்லவில்லை. விதிமுறைகளை எடுத்துப் பார்த்தார்கள். இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. மனிதர் சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை. அப்படி ஒரு விதி தேவைதான் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. வரைவு தயாரிப்பது அரசா, கம்பெனியா என்பதில் இன்னும் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. மூன்றாவது பட்டனை மட்டும் அடுத்த வாரமே எடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டு வாங்கியது யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை.

நகரியம் கொதித்தது. வாழ்நாளில் ஒரு முடிவு எடுத்தார், அதுவும் ஏழை வயிற்றில் அடிக்கிற முடிவு என்று காலை ஷிப்டுக்காரர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். கலியம்மாள் ஒரு நாள் முழுக்க அவரைத் திட்டினாள். மறுநாள் வண்டியை விற்றாள். தை முதல் தேதி பண்ருட்டியில் பாதிக் கடையில் அடுப்பு மூட்டினாள். அங்கே அவளுக்கு வியாபாரம் கூடிற்றா குறைந்ததா என்பதில் இரண்டு கருத்து உண்டு. அவளே ஆளுக்கொன்று சொல்கிறாள்.

சுப்புலட்சுமிக்குக் கோபம் வந்தால் பேச்சில் அம்பாசமுத்திரம் திரும்பிவிடும். "பச்சைய அமுக்குனா கை வெந்தா போவும்? எதுக்கு வேண்டாம்னீய? ஒத்த வார்த்த சொல்லுங்களேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை. பண்ருட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறார். பஸ் ஸ்டாண்டு ஓரம் நின்றபடியே இரண்டு வடை சாப்பிடுகிறார். முதல் முறை போனபோது கலியம்மாள் பழையபடி எதுவும் கேட்காமல் சாம்பாரை ஊற்றப் போனாள். அவர் தட்டை நகர்த்திச் சட்னியைக் காட்டினார். ஏன் என்று அவளும் கேட்டாள்.